நிலமும் விருந்தும்: காத்மாண்டு பள்ளத்தாக்கு நேவார் மக்களின் குட்ஹி மரபு

முன்னுரை

நேபாளம் என்றவுடன் மலேசியத் தமிழர் மனத்தில் முதலில் தோன்றுவோர் தொழிற்சாலைகளிலும் கட்டட வாயில்களிலும் பணியாற்றும் இளைஞர்களே ஆவர். கோலாலம்பூர் கோத்தா ராயா வட்டாரத்து நேபாள உணவகங்களில் விடுமுறை நாள்களில் அவர்கள் கூடிப் பருப்பும் சோறும் மோமோவும் உண்பதை நம்மிற் பலர் கண்டிருப்போம். சிங்கப்பூரில் இத்தொடர்பு இன்னும் பழையது. அந்நாட்டுக் காவல்துறையின் கூர்க்காப் படைப்பிரிவு 1949ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. எனினும், நேபாள மக்களின் பண்பாடு குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை மிகச் சிலவே. எழுதப்பட்டவையும் இமயமலை, புத்தர் பிறந்த லும்பினி, பசுபதிநாதர் ஆலயம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன.

2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நேபாளத்தில் 142 சாதி, இனக்குழுக்களையும் 124 மொழிகளையும் பதிவு செய்துள்ளது. ஆதலால் 'நேபாள உணவு', 'நேபாள வழக்கம்' என்று ஒருமையிற் பேசுவது பொருந்தாது. இக்கட்டுரை காத்மாண்டு பள்ளத்தாக்கின் தொல்குடியினரான நேவார் மக்களை மட்டும் எடுத்துக்கொள்கின்றது. அவர்கள் நாட்டு மக்கள்தொகையில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர். நேபாள பாஷா எனப்படும் திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்து மொழியைப் பேசுவோர். இந்து, பௌத்தம் ஆகிய இரு சமயங்களையும் பல நூற்றாண்டுகளாக அருகருகே, பல வேளைகளில் ஒரே வீட்டிற்குள்ளேயே, பேணி வருவோர். காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர் ஆகிய மூன்று நகரங்களின் கோயில்களும் சதுக்கங்களும் கல்நீர்த்துறைகளும் இவர்கள் கைவண்ணத்தில் உருவானவை.

நேவார் விருந்துகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் உணவு வகைகளின் பட்டியலோடு நிறைவு கொள்கின்றனர். ஒரு சமூகத்தின் விருந்தை அறிய வேண்டுமாயின் அடுப்பங்கரைக்குச் செல்வதற்கு முன் அதன் நிலச் சாசனத்தைப் படித்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அவ்விரண்டையும் பிணைக்கும் அமைப்பே குட்ஹி.

சொல்லும் தொன்மையும்

'குட்ஹி' என்பது வடமொழிக் 'கோஷ்டி' என்னும் சொல்லின் திரிபு. தமிழ் வைணவக் கோயில்களில் பிரபந்தம் சேவிக்கும் குழுவினரைக் கோஷ்டி என்கிறோமே, அதே சொல்தான். (தமிழில் இதனைக் 'குட்டி' என எழுதின் வேறு பொருள் தந்துவிடுமாதலின் இங்குக் 'குட்ஹி' என்றே எழுதப்படுகின்றது.) தமிழில் அச்சொல் அரசியல் பூசல்களோடு தொடர்புற்றுச் சற்றே இழிந்த பொருளையும் பெற்றுவிட்டது. நேபாளத்திலோ அது நிலம், வழிபாடு, ஈமக்கடன், இசை, விருந்து ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய ஒரு நிறுவனத்தின் பெயராக வளர்ந்தது.

நேபாளத்தில் ஆண்டுக் குறிப்புடன் கிடைக்கும் மிகப் பழைய கல்வெட்டு, லிச்சவி மன்னன் மானதேவன் சாங்கு நாராயணர் கோயிலில் கி.பி. 464இல் பொறித்தது. லிச்சவி காலக் கல்வெட்டுகளில் கோஷ்டி, கோஷ்டிகர் ஆகிய சொற்கள் பயின்று வருகின்றன. விளக்கேற்றல், நீர் வழங்கல், இசைக்கருவி வாசித்தல் முதலிய பணிகளுக்கெனத் தனித்தனிக் குழுக்கள் இருந்தமையை அவற்றால் அறியலாம். ஒரு பணிக்கு நிலத்தை ஒதுக்குவது, அந்நிலத்தின் விளைச்சலைக் கொண்டு அப்பணியை ஆண்டுதோறும் நடத்துவது, அதற்குப் பொறுப்பாக ஒரு குழுவை அமர்த்துவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே இவ்வமைப்பின் அடிப்படை. தமிழ்க் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் விடப்பட்ட நிவந்தங்களை அறிந்த நமக்கு இது புரிதற்கரியதன்று. இரண்டிற்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு உண்டெனக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒப்புமை விளக்கத்திற்கு உதவுகின்றது, அவ்வளவே.

மல்லர் காலத்தில் இம்மரபு செழித்தது. 1482இல் யட்ச மல்லன் மறைந்த பின்னர் பள்ளத்தாக்கு மூன்று அரசுகளாகப் பிரிந்தது. மூன்று அரசவைகளும் கோயில் எடுப்பதிலும் விழா நடத்துவதிலும் ஒன்றையொன்று விஞ்ச முனைந்தன. ஒவ்வொரு கோயிலும் ஒவ்வொரு விழாவும் ஒரு நிலக்கொடையை வேண்டி நின்றது. அரசர்கள் மட்டுமன்றி வணிகரும் கைவினைஞரும் உழவரும் தத்தம் வசதிக்கேற்ப நிலம் எழுதிவைத்தனர். கல்லிலும் செப்பேட்டிலும் பொறிக்கப்பட்ட சாசனங்கள், எந்த நாளில் எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், யாருக்கு எத்தனை பங்கு என்பன வரை வகுத்துரைக்கின்றன. கொடையை அழிப்போர் பஞ்சமாபாதகம் செய்தவராவர் என்னும் சாபத்துடன் அவை முடிவதையும் காணலாம். சாபம் எழுதவேண்டியிருந்தது என்பதிலிருந்தே அழிப்போரும் இருந்தனர் என்பதை வரலாற்று மாணவர் ஊகித்துக்கொள்ளலாம்.

குட்ஹியின் வகைகள்

இன்றும் வழக்கிலுள்ள குட்ஹிகளுள் மூன்று வகை இங்குக் கருதத்தக்கன. முதலாவது, குலதெய்வ வழிபாட்டிற்குரியது. நேவார் மக்கள் தம் குலதெய்வத்தைத் திகு த்ய என்பர். பெரும்பாலும் ஊர்ப்புறத்து வயல்வெளியில் செதுக்கப்படாத கற்களே அத்தெய்வத்தின் உருவமாக நிற்கும். தந்தைவழிப் பங்காளிகளான 'புகி'யினர் ஆண்டுக்கொரு முறை அங்குக் கூடிப் பலியிட்டு வழிபட்டு, உடனுண்பர். இரண்டாவது, இசைக்குரிய நாசா குட்ஹி. இசைக்கும் கூத்துக்கும் உரிய நாசத்யவை வணங்கி, இளைஞருக்கு முழவும் தாளமும் கற்பிப்பது இதன் பணி.

மூன்றாவது, ஈமக்கடனுக்குரிய சீ குட்ஹி. 'சீ' என்பது இறப்பைக் குறிக்கும். உறுப்பினர் வீட்டில் இறப்பு நேர்ந்தால் பாடை கட்டுதல், சுமத்தல், எரியூட்டல் ஆகியவற்றைக் குட்ஹியினரே ஏற்பர். துயருற்ற வீட்டார் எதனையும் ஏற்பாடு செய்யவேண்டியதில்லை. ஒவ்வோர் உறுப்பினர் வீட்டிலிருந்தும் ஓர் ஆடவர் சுடுகாடு வரை செல்லுதல் கடமை. தவறினால் தண்டம் கட்ட வேண்டும். குட்ஹியிலிருந்து நீக்கப்பட்டவனுக்குப் பாடை சுமக்க ஆளில்லை. ஊர்க் கட்டுப்பாட்டின் முழு வலிமையும் இந்த ஒரு செய்தியில் அடங்கியுள்ளது. நகரில் வேலை, வெளிநாட்டில் படிப்பு என்று பிரிந்து போனவர்களும் சீ குட்ஹியின் உறுப்புரிமையை மட்டும் எளிதில் விட்டுவிடாமைக்கு இதுவே காரணமாதல் கூடும்.

எவ்வகைக் குட்ஹியாயினும் அதன் நடைமுறை ஏறத்தாழ ஒன்றே. மூத்தவர் 'தகாலி' எனப்படுவார். அவரைத் தேர்ந்தெடுப்பதில்லை, வயதே அவரைத் தலைவராக்குகின்றது. தகாலி மறைந்தால் அடுத்த மூத்தவர் அவ்விடத்தில் அமர்வார். விழா நடத்தும் பொறுப்போ மூப்பைப் பொறுத்ததன்று. அது 'பாலா' எனப்படும் முறைவைப்பு. ஆண்டுக்கு ஒரு வீடாக அப்பொறுப்பு சுற்றிவரும். அவ்வாண்டின் முறைகாரர் குட்ஹி நிலத்தின் நெல்லைப் பெற்று, விருந்துக்கு வேண்டியன வாங்கி, சமைத்து, கணக்கு ஒப்பித்து, குட்ஹிக்குச் சொந்தமான பாத்திரங்களை அடுத்த முறைகாரரிடம் ஒப்படைப்பார். மதிப்பு மூத்தோருக்கு, உழைப்பும் செலவுப் பொறுப்பும் எல்லோருக்கும் என்னும் இப்பகுப்பு நுட்பமானது.

விருந்தின் ஒழுங்கு

நேவார் மொழியில் விருந்தைப் 'ப்வே' என்பர். நீண்ட வைக்கோற் பாய்களை வரிசையாக விரித்து, மூத்தவர் தொடங்கி இளையவர் ஈறாக அமர்வர். சால மரத்தின் இலைகளைத் தைத்த தையலிலையே உண்கலம். முதலில் தெய்வத்திற்கும் முன்னோருக்கும் சிறிது எடுத்துவைத்து, தகாலி உண்ணத் தொடங்கிய பின்னரே மற்றையோர் கைவைப்பர். அவல், எருமை இறைச்சி வகைகள், கீரை, பயறு, கிழங்கு, புளிப்புச்சாறு என ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறி, இறுதியில் தயிர் இடுவர். 'அய்லா' எனப்படும் வடித்த சாராயத்தையும் 'த்வோன்' எனப்படும் அரிசிக் கள்ளையும் பெண்டிர் உயரத் தூக்கிய மூக்குக் கெண்டியிலிருந்து சிறு மண்கிண்ணத்தில் ஒரு துளியும் சிந்தாமல் வார்ப்பர். மது இவ்விருந்துகளில் மறைத்து உண்ணும் பொருளன்று. தெய்வத்திற்குப் படைக்கப்படும் பொருள். காத்மாண்டில் இந்திர ஜாத்ரா விழாவின்போது சுவேத பைரவர் திருமுகத்தின் வாயிலிருந்து கள் பெருகி வழிய, அதனை மக்கள் முண்டியடித்துப் பருகுவர்.

குலதெய்வ விருந்தில் 'சீகா ப்வே' என்றொரு சடங்கு உண்டு. பலியிட்ட விலங்கின் தலையைப் பகுத்துக் கண், செவி, மூக்கு, நாக்கு, தாடை ஆகியவற்றை மூத்தோருக்கு மூப்பு முறைப்படி வழங்குவது அது. இன்ன உறுப்பு இன்ன இடத்தாருக்கு என்பது முன்னரே வரையறுக்கப்பட்டது; இதிற் பிழை நேர்ந்தால் அது சமையற் பிழையன்று, மானப் பிழை. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்பதில் எழும் வழக்குகளை அறிந்தவர்கள் இதன் கனத்தை உணர்வர். இச்சடங்கை வெறும் உணவுப் பழக்கமாகக் காண்பது பொருந்தாது. எழுத்தறியாத ஒரு சிறுவனும் அந்த வரிசையைக் கண்டு தன் குலத்தில் யார் யாருக்கு மூத்தவர், தன் இடம் எது என்பதைக் கற்றுக்கொள்கின்றான். குலவரலாறு ஏட்டில் அன்றி இலையில் எழுதப்பட்டுள்ளது.

நேவார் உணவை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு மானிடவியலாளர் பெர் லோவ்டின், உணவையும் சடங்கையும் சமுதாய அமைப்பையும் ஒன்றாக நோக்கி 1985இல் தம் ஆய்வை வெளியிட்டார். பிரெஞ்சு அறிஞர் ஜெரார் டோஃபான் 1984இல் வெளியிட்ட நூலும் குட்ஹியை நேவார் சமுதாயத்தின் நடுவே வைத்து ஆராய்கின்றது. இவ்விரு நூல்களும் வெளிவந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர்கள் கண்ட விருந்துகள் பல இன்று சுருங்கிவிட்டன என்பதை மனத்திற் கொண்டே அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

அவலும் சோறும்

நேவார் விருந்தில் சோறு இல்லை என்பது தமிழருக்கு வியப்பாக இருக்கும். நெல் விளையும் வளமான பள்ளத்தாக்கு. வீட்டில் நாள்தோறும் சோறு. ஆயின் விருந்தில் அவல். அவர்கள் அவலைப் 'பஜி' என்பர் (நம் பஜ்ஜிக்கும் இதற்கும் தொடர்பில்லை). அவலோடு சுட்ட எருமை இறைச்சி, வறுத்த கறுப்புச் சோயா, இஞ்சி, உலர்மீன், முட்டை, உளுந்து வடை போன்ற 'வோ' ஆகியன சேர்ந்த படையலே 'சமய் பஜி'. இன்று காத்மாண்டு உணவகங்களில் மிகுதியாக விற்கப்படுவதும் அதுவே.

விருந்தில் அவல் இடம்பெற்றமைக்குக் காரணம் சுவையன்று, சாதி ஒழுங்கு. நீரில் வேகவைத்த சோற்றைத் தம் சாதியாரிடமிருந்தோ உயர்ந்தோராகக் கருதப்பட்டவரிடமிருந்தோ மட்டுமே ஏற்கலாம் என்பது பழைய விதி. ஜங் பகதூர் ராணா 1854இல் இயற்றிய 'முலுகி ஐன்' என்னும் சட்டத்தொகுப்பு, யாரிடம் நீர் பெறலாம், யாரிடம் சோறு பெறலாம் என்பதைக் கொண்டே நாட்டு மக்கள் அனைவரையும் படிநிலைப்படுத்தியது. சோற்றுக்கிருந்த கடுமை அவலுக்கு இல்லை. ஆகவே பல பிரிவினரும் கூடும் இடத்தில் ஒரே வரிசையில் இருந்து உண்ண அவல் வழிவகுத்தது. விதியை எதிர்க்காமல் விதியின் இடைவெளியில் ஒரு பொதுவுணவைக் கண்டுகொண்டனர் என்றே இதனைக் கருத வேண்டும்.

அவ்விடைவெளிக்கும் எல்லை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. துப்புரவுப் பணி செய்வோரும் மீன்பிடிப்போரும் பழங்காலத்தில் நகர எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டனர். அவர்கள் எந்தப் பாயிலும் அமரவில்லை. குலதெய்வக் குட்ஹியின் உறுப்புரிமை தந்தைவழியில் ஆடவருக்கே சென்றது. பெண்டிர் சமைத்தனர், வார்த்தனர், பரிமாறினர். வரிசையில் அவர்களுக்கெனப் பெயர் எழுதப்படவில்லை. மணம் முடித்துச் சென்ற மகள் பிறந்தகத்துக் குலதெய்வத்திற்கு அயலாள் ஆகிறாள். விழா முடிந்தபின் அவளையும் அவள் மக்களையும் அழைத்து அளிக்கும் 'நக்த்யா' விருந்து, அப்பிரிவை ஓரளவு ஈடுசெய்யும் வழக்கம் எனலாம். குட்ஹியைச் சமத்துவத்தின் வடிவமாகப் போற்றிக் கூறும் அண்மைக்கால எழுத்துகள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன.

நீரும் சஷ்டியும்

தமிழ் ஆசிரியர்களுக்குத் தனிச்சுவை தரக்கூடிய ஒரு நாள் 'சிதி நக்க'. ஆனி மாதத்தை ஒட்டி வரும் ஜேஷ்ட மாத வளர்பிறைச் சஷ்டி அது. குமாரக் கடவுளின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகின்றது. நம் கந்த சஷ்டி ஐப்பசியில் வருவது. அதன் கதையும் வேறு. ஆயினும் ஆறுமுகனுக்குரிய திதி ஆறாம் நாளே என்பதில் இரு மரபும் ஒன்றுபடுகின்றன. குலதெய்வ வழிபாட்டுக் காலம் இந்நாளோடு முடிவடைகின்றது.

இந்நாளின் முதன்மையான கடமை கோயிலில் அன்று, கிணற்றடியில் நிகழ்கின்றது. கிணறுகள், குளங்கள், 'ஹிட்டி' எனப்படும் கல்நீர்த்துறைகள் ஆகியவற்றை ஊரார் கூடித் தூர்வாரித் தூய்மை செய்வர். பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்பான காலமாதலின் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும். இறங்கித் துப்புரவு செய்ய இதைவிட ஏற்ற நாள் இல்லை. வேலை முடிந்தபின் வீடுதோறும் உளுந்திலும் பாசிப்பயற்றிலும் வோ சுட்டு, அரிசிமாவில் சதாமரி வார்த்து உண்பர். லலித்பூரின் மங்கா ஹிட்டி கி.பி. 570ஐச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,450 ஆண்டுகள் ஒரு நீர்த்துறை பயன்பாட்டில் இருந்துவருவது கல்லின் உறுதியால் மட்டும் இயல்வதன்று. வடிகாலும் வாய்க்காலும் ஆண்டுதோறும் பேணப்படல் வேண்டும். பேணுவோர்க்கு உணவிடல் வேண்டும். அவ்வுணவுக்கு ஒரு நிலம் இருத்தல் வேண்டும். புதிய கட்டடங்களின் அடித்தளங்கள் நிலத்தடி நீர்வழிகளை அடைத்ததாலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதாலும் பல ஹிட்டிகள் இன்று வறண்டுவிட்டன.

நிலம் கைமாறிய வரலாறு

கோர்க்கா மன்னர் பிருதிவி நாராயண ஷா 1768இல் காத்மாண்டைக் கைப்பற்றியது இந்திர ஜாத்ரா நாளில். ஊரே விழாவில் மூழ்கியிருந்த வேளையில் நகருள் புகுந்த அவர், விழாவை நிறுத்தவில்லை. அதனைத் தொடரச் செய்து குமாரியின் கையால் திலகம் பெற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. வென்ற நாட்டின் விழாவைத் தமதாக்கிக்கொள்வதே ஆட்சியை நிலைநிறுத்தும் வழி என அவர் கண்டிருந்தார். ஆனால் அவருடைய வழித்தோன்றல்களுக்குப் போர்ச்செலவு பெருகியது. 1805-06ஆம் ஆண்டளவில் ரணபகதூர் ஷா காலத்தில் பிர்த்தா, குட்ஹி நிலங்கள் பெருமளவில் பறிமுதல் செய்யப்பட்டன. சாசனங்களின் சாபம் அரசைத் தடுக்கவில்லை.

நேபாள நிலவுடைமை வரலாற்றின் தந்தை எனத்தக்க மகேஷ் சந்திர ரெக்மி, நான்கு தொகுதிகளாக வெளியிட்ட தம் நூலின் இறுதித் தொகுதி முழுவதையும் (1968) குட்ஹி நிலங்களுக்கே ஒதுக்கினார். 1977இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது. அரசு ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தேடி மொழிபெயர்த்துத் தந்த அவர் உழைப்பு இல்லையேல், குட்ஹி பற்றிய பேச்சு பக்திக்கதையாகவே எஞ்சியிருக்கும்.

1951இல் ராணாக்களின் ஆட்சி முடிவுற்றது. 1959இல் பிர்த்தா நிலவுடைமை ஒழிக்கப்பட்டது, குட்ஹி தப்பியது. 1964ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டு இரு நிகழ்ச்சிகள் நடந்தேறின. ஒன்று, நிலச் சீர்திருத்தச் சட்டம் குத்தகையாளரின் உரிமையை உறுதிசெய்து, குத்தகையளவுக்கும் வரம்பிட்டது. மற்றொன்று, குட்ஹி சன்ஸ்தான் என்னும் அரசு நிறுவனம் அமைக்கப்பட்டு, ராஜகுட்ஹி எனப்படும் பொதுக்கொடை நிலங்கள் அதன் நிருவாகத்திற்கு மாற்றப்பட்டன. இன்று நடைமுறையிலுள்ள குட்ஹி சன்ஸ்தான் சட்டம் 1976ஆம் ஆண்டினது.

குத்தகையாளர் நோக்கில் 1964ஆம் ஆண்டுச் சட்டம் நீதியானது. தலைமுறை தலைமுறையாக உழுதவனுக்கு அது பாதுகாப்பு அளித்தது. விழாவின் நோக்கில் விளைவு வேறு. நெல்லாக வந்த வருவாய் பணமாக மாறியது. நெல் விலை ஏறினும் பணத்தின் அளவு அதற்கு ஈடாக ஏறவில்லை. இத்தனை மூரி நெல்லைக் கொண்டு இத்தனை பேருக்கு உணவு எனச் சாசனம் கூறியது. அந்நெல்லுக்கு மாற்றாக வந்த தொகையோ சில வேளைகளில் பூசைப்பொருளுக்கே போதாததாயிற்று. தனியார் குட்ஹிகளில் நடந்தது இதனினும் துயரமானது. நில அளவையின்போது குட்ஹி நிலத்தை உறுப்பினர் சிலர் தம் சொந்தப் பெயரில் பதிந்துகொண்டனர். பின்னர்ப் பள்ளத்தாக்கில் மனைவிலை ஏற ஏற அந்நிலங்கள் விற்கப்பட்டு வீடுகளாயின. இவ்விழப்புக்கு அரசை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. பங்காளிகளே பங்கு போட்டுக்கொண்டனர்.

1976இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், சமூக நடைமுறைச் சீர்திருத்தச் சட்டம், திருமணம் முதலிய சடங்குகளில் விருந்தினர் எண்ணிக்கைக்கும் வீண் செலவுக்கும் வரம்பு விதித்தது. கடன்பட்டு விருந்திடும் வழக்கத்தைத் தடுப்பதே அதன் நோக்கம். விருந்தாலேயே வறுமையுற்ற குடும்பங்கள் நேவார் மக்களிடையே இருந்தமையின் அந்நோக்கத்தில் நியாயம் உண்டு. ஆயின் சட்டத்தால் குறையாத விருந்து, நிலம் போனதால் குறைந்தது. இன்று பல குட்ஹிகளில் உறுப்பினர் தலைக்கு இவ்வளவு எனப் பணம் தண்டியே விருந்து நடைபெறுகின்றது. முறைகாரர் வீட்டில் அடுப்பு மூட்டுவதற்கு மாறாக, நகரங்களில் பெருகியுள்ள விருந்து மண்டபங்களை அமர்த்துவோரும் உளர்.

இந்த இடத்தில் ஒரு முரணைச் சுட்டுதல் வேண்டும். சமய் பஜியும் யோமரியும் இதற்கு முன் இத்துணைப் புகழ் பெற்றிருந்ததில்லை. யோமரி என்பது அரிசிமாவில் செய்து உள்ளே வெல்லப்பாகும் எள்ளும் பொதிந்து ஆவியில் அவிக்கும் கொழுக்கட்டை. அறுவடைக்குப் பின்வரும் யோமரிப் பௌர்ணமிக்கே உரியது. இன்று அது ஆண்டு முழுவதும் கடைகளில் கிடைக்கின்றது. உண்பொருள் எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. அதற்குரிய நாளும் அமரும் வரிசையும் முறைவைப்பும் ஒரு சிலருக்கே நினைவில் உள்ளன. இதனை வளர்ச்சி என்பாரும் உளர். குட்ஹியில் இடம் பெறாத பெண்ணும் பிற சாதியாரும் விலை கொடுத்து உண்ண முடிகின்றது என்பது உண்மையே. அதே வேளையில், பாடை சுமக்க வரும் ஆளை எந்த உணவகமும் தருவதில்லை.

2019ஆம் ஆண்டு எதிர்ப்பும் அதன் பின்னும்

2015 ஏப்ரல் 25ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். காத்மாண்டின் பெயருக்கே மூலமான காஷ்டமண்டபம் சரிந்தது. புங்கமதியில் புங்கத்யவின் கோயில் இடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புங்கமதியிலிருந்து புறப்படும் அத்தெய்வத்தின் தேர், அவ்வாண்டு வழியிலேயே நின்றது. மீட்டெழுப்பும் பணியை யார் செய்வது, ஒப்பந்தக்காரரா ஊராரா என்னும் வினா பல இடங்களிலும் எழுந்தது. காஷ்டமண்டபத்தைப் பொறுத்தவரை ஊரார் முன்னின்று, மரபுப் பொருள்களையும் மரபுத் தச்சரையும் கொண்டே அதனை மீள எழுப்பினர்.

இச்சூழலில் 2019ஆம் ஆண்டு அரசு ஒரு குட்ஹி மசோதாவை நாடாளுமன்றத்தின் தேசிய சபையில் கொண்டுவந்தது. பழைய நிறுவனத்திற்கு மாற்றாகப் புதிய ஆணையம் ஒன்றை அமைத்து, பொதுக் குட்ஹிகளோடு தனியார் குட்ஹிகளையும் அதன் கட்டுப்பாட்டுக்குள் கொணர அது முனைந்தது. குட்ஹி நிலத்தை உழுவோருக்கு உடைமை வழங்கவும் வகை செய்தது. ஜூன் 9ஆம் நாள் காத்மாண்டு மைதிகரில் கூடியோர்மீது காவல்துறை தடியடியும் நீர்ப்பீச்சும் நடத்தியது. எதிர்ப்பு பெருகவே, ஜூன் 18ஆம் நாள் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. மறுநாள் ஜூன் 19ஆம் நாள், அறிவிப்பு வந்த பின்னரும், பல்லாயிரவர் மரபு முழவுகளோடு மைதிகரில் திரண்டனர். பள்ளத்தாக்கின் அண்மைக்கால வரலாற்றில் பண்பாட்டு உரிமை குறித்து இத்துணைப் பெருங்கூட்டம் கூடியது அரிது.

அக்கூட்டத்தினரை நிலக்கிழார்களின் பரிவாரமாகக் காட்ட முற்பட்டோர் இருந்தனர். இக்கருத்து ஏற்கத்தக்கதன்று. நிலத்தை ஏற்கெனவே இழந்துவிட்ட குட்ஹிகளைச் சேர்ந்தோரும் அங்கு வந்திருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால், அவர்கள் காக்க விழைந்தது விளைச்சலை மட்டுமன்று, முறைவைப்பையும் முடிவெடுக்கும் உரிமையையும் என்பது புலனாகும். ஓராண்டு கழித்து, பெருந்தொற்றுக் காலத்தில், 2020 செப்டம்பர் 3ஆம் நாள் லலித்பூரில் புங்கத்யவின் தேரை இழுக்க முனைந்த மக்களுக்கும் காவல்துறையினருக்கும் இடையே மோதல் நிகழ்ந்ததும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. சடங்கை எப்போது, எவ்வாறு நடத்துவது என்பதை அவ்வூரார் இன்றும் அரசின் முடிவுக்கே முழுதும் விட்டுவிட ஆயத்தமாயில்லை.

ஆயினும் மசோதா திரும்பப் பெறப்பட்டதால் குட்ஹி நிலத்தை உழும் குடியானவரின் சிக்கல் தீரவில்லை. அவர்களிற் பலர் நேவார் அல்லாதார். பள்ளத்தாக்கிற்கு வெளியே, தராய்ச் சமவெளி வரை பரந்து வாழ்வோர். எந்தத் தெய்வத்தின் விருந்துக்காகத் தாம் குத்தகை அளக்கின்றனரோ அவ்விருந்தில் ஒரு நாளும் அமராதோர். உழும் நிலத்திற்குப் பட்டா இல்லாமையால் அதனை ஈடுவைத்துக் கடன் பெறவும் அவர்களால் இயலுவதில்லை. குட்ஹி பற்றிய ஆய்வுகளுட் பெரும்பாலானவை விருந்து நடக்கும் நகரத்தில் இருந்தே எழுதப்பட்டுள்ளன. இக்கட்டுரையும் அதற்கு விலக்கன்று. நெல் புறப்படும் ஊர்களிலிருந்து இவ்வரலாற்றை எழுதுதல் தனியொரு ஆய்வுக்குரியது.